அழகுக்கலைப் பயிற்சியும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும்

2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையங்களில் வாங்கப்படும் ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முடி வெட்டவும் மணப்பெண் அலங்காரத்திற்கும் இனி செலவு குறையும் என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. ஆனால் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தனியார் அகாடமியில் பணம் கட்டும் மாணவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அரசு அங்கீகார வரையறைக்குள் வராத பயிற்சிக்கு, நடத்துபவரின் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால், கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு வரி அப்படியே நிற்கிறது. அலங்காரம் செய்துகொள்பவருக்கு 5, கற்பவருக்கு 18. இது என்ன கணக்கு?

அழகுக்கலை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. ஆடம்பரம், வீண் பகட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நம் பங்குகளில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்கள், கணவரை இழந்தவர்கள், குடிப்பழக்கத்தால் சிதைந்த குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்தால் உண்மை புரியும். வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கொஞ்சம் கருவிகள் இருந்தால் போதும், பிழைப்பு தொடங்கிவிடுகிறது. வெளியூர் போக வேண்டியதில்லை, இரவுப் பணியும் இல்லை. இப்படி எத்தனை தொழில்கள் இவர்களுக்குக் கிடைக்கின்றன?

இத்தொழிலைக் குறைந்த செலவில் முறையாகக் கற்க வழி உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது நாம் ஐ.டி.ஐ. என்று அழைக்கும் நிலையங்களில், 'காஸ்மெட்டாலஜி' என்பது ஓராண்டுப் பாடப்பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரு வகுப்பில் 24 பேர். மொத்தம் 1200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் செய்முறை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்து அட்டை, சீருடை எல்லாம் கிடைக்கின்றன. பெண்களுக்கு வயது வரம்பும் கிடையாது. நாற்பது வயதுத் தாயும் சேரலாம் என்பது நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓராண்டு எதற்கு, ஒரு மாதம் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். முகமே வீங்கிவிடும். அதனால்தான் முதலில் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி, இரண்டு நாள் காத்திருந்து பார்க்கச் சொல்கிறார்கள். முடியை நேராக்கும் சில கலவைகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்படும். வாடிக்கையாளர் அதை என்றோ ஒருநாள் சுவாசிக்கிறார், நம் பெண்ணோ நாள் முழுவதும் சுவாசிக்கிறாள். சீப்பையும் கத்தரியையும் கிருமி நீக்குவது, எந்தத் தோலில் எதைத் தொடக்கூடாது என்று அறிவது, இவை வீடியோ பார்த்து வருபவை அல்ல. அவசரப் பயிற்சியின் விலையைத் தருபவர் பயிற்சி பெற்றவரும் அவரிடம் வருபவரும்தான்.

குறுகிய காலப் பயிற்சிக்கு மத்திய அரசின் பிரதமர் கௌசல் விகாஸ் திட்டம் 2015இல் வந்தது. கோடிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றதாகக் கணக்கு. ஆனால் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, திட்டத்தின் 2.0, 3.0 கட்டங்களில் 94 விழுக்காட்டுக்கும் அதிகமானோரின் வங்கிக் கணக்கு விவரங்கள் வெறுமையாகவோ வெறும் பூச்சியங்களாகவோ இருந்ததைச் சுட்டிக்காட்டியது. தாளில் பயிற்சி பெற்றவர்களை வைத்து அடுப்பு எரியாது.

ஐ.டி.ஐ.களிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2877 கோடி ரூபாய் மதிப்பில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றப்பட்டன. ரோபோ, கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம், மின்வாகனம் ஆகியவை நுழைந்தன. 2025 அக்டோபர் 4 அன்று மத்திய அரசு தொடங்கிய பி.எம்.-சேது திட்டம் 60,000 கோடி ரூபாயில் 1000 அரசு ஐ.டி.ஐ.களை, தொழில் நிறுவனங்கள் முன்னின்று நடத்தும் முறையில் சீரமைக்கிறது. நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. நம் பிள்ளைகள் ரோபோவும் கற்கட்டும். ஆனால் எந்தப் பாடப்பிரிவு தேவை என்பதைப் பெரிய ஆலைகளின் பார்வையில் மட்டும் முடிவு செய்தால், ஆலையே இல்லாத ஒரு சிற்றூரின் பெண்ணுக்குப் பயன்படும் பிரிவுக்காகப் பேச அந்த மேசையில் ஆள் இருக்குமா? அழகு நிலையம் நடத்தும் தனிப் பெண்மணிக்கு அங்கே நாற்காலி இல்லை. இந்த 24 இடங்கள் ஓசையின்றி மறைந்தால், மிஞ்சுவது கடன் வாங்கிச் சேரும் அகாடமிகளே.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. முடி திருத்தும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த சமூகம் நம்முடையது, கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்ல. அதே தொழில் குளிரூட்டிய அறைக்குள் போய், ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டபோது மதிப்பும் பணமும் சேர்ந்துவிட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே கட்டணம் கட்ட முடியாமல் வெளியே நிற்பது எவ்வளவு பெரிய அநீதி!

நம் திருச்சபைக்கு இதில் முன்அனுபவம் உண்டு. பள்ளியில் பின்தங்கியவர்களுக்காக 1990களில் சமுதாயக் கல்லூரிகள் தோன்றியபோது சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் இயேசு சபையினரும் முன்னணியில் நின்றார்கள். நம் தையற்பள்ளிகளில் இன்று மாணவிகள் குறைந்திருக்கிறார்கள், அறைகள் காலியாக இருக்கின்றன. அங்கே தகுதியான ஆசிரியை ஒருவரை அமர்த்தி, தேர்வுக்கு முறையான அங்கீகாரமும் பெற்றால், கருவிகளின் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு இப்பயிற்சியைக் கொடுக்க இயலும். அங்கீகாரம் இல்லாமல் தொடங்குவதில் நமக்கு உடன்பாடு இல்லை. மறைமாவட்டத்தின் பெயர் பொறித்த வெறும் சான்றிதழ் வங்கிக் கடனுக்கு உதவாது.

அதுவரை, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரங்களில் ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் ஐ.டி.ஐ. சேர்க்கை பற்றி இரண்டு வரி சேர்க்கலாம். விண்ணப்பம் இணையவழி என்பதால், கணினி தெரிந்த இளைஞர் ஒருவரைப் பங்கு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் போதும்.