ஓசியில குடுக்கறதும் ஓசியில எடுக்கறதும்

கேம் டெவ் டைக்கூன்னு ஒரு கேம். விளையாடாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 80-கள்ல ஒரு காரேஜுல ஒத்தை ஆளா கேம் கம்பெனி ஆரம்பிக்கறீங்க. என்ன சப்ஜெக்ட், என்ன வகைன்னு ஜோடி சேக்கணும். ஆஸ்பத்திரிய வச்சு சிமுலேஷன் பண்ணலாம், நிஞ்சாவ வச்சு ஆக்‌ஷன் பண்ணலாம். கதைக்கு எவ்ளோ நேரம், கிராபிக்ஸுக்கு எவ்ளோ, சத்தத்துக்கு எவ்ளோன்னு பிரிச்சுக் குடுக்கணும். ரிலீஸ் பண்ணினா நாலு விமர்சகர்கள் பத்துக்கு மார்க் போடுவாங்க. மார்க் வந்தா காசு, காசு வந்தா காரேஜ்லேர்ந்து ஆபீஸ். ஆளுங்க களைச்சுப் போனா லீவுல அனுப்பணும். (சில மேனேஜருங்க இதை அவசியம் விளையாடணும் :-))

திருத்தணில காரேஜ் வச்ச வீடு எத்தனை இருக்குன்னு கேக்காதீங்க. எங்க தெருவுல டிவிஎஸ் எக்ஸெல் நிக்கறதே திண்ணை ஓரத்துலதான். அதை விடுங்க, நான் சொல்ல வந்தது வேற.

இதை எழுதினது பேட்ரிக் க்ளூக், டேனியல் க்ளூக்னு ரெண்டு சகோதரர்கள். கம்பெனி பேரு கிரீன்ஹார்ட் கேம்ஸ். 2013 ஏப்ரல் கடைசியில இவங்க ஒரு வேலை பண்ணாங்க. கேமை விக்க ஆரம்பிச்ச கையோட, கிராக் பண்ணின காப்பி மாதிரியே ஒண்ணை தாங்களே டாரண்ட்ல ஏத்தி விட்டாங்க. எல்லாம் ஒரிஜினல் மாதிரியேதான், ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காப்பில கம்பெனி கொஞ்சம் வளந்ததும், நிறைய பேர் உங்க கேமை காசு குடுக்காம திருடி விளையாடறாங்கன்னு ஒரு சேதி வரும். அதுக்கப்புறம் எவ்ளோ நல்ல கேம் பண்ணினாலும் காசு வராது. கம்பெனி திவால்.

முதல் நாள் கணக்கையும் அவங்களே வெளியிட்டாங்க. காசு குடுத்து வாங்கி விளையாடினவங்க 214 பேர், கிராக் காப்பி விளையாடினவங்க 3104 பேர். நூத்துக்கு 93.6. விலை வெறும் 8 டாலர்.

இதுல உச்சக்கட்ட காமெடி என்னன்னா, திருட்டுக் காப்பி ஆளுங்களே "எல்லாரும் என் கேமைத் திருடறானுங்க, இதைத் தடுக்க ஏதாவது ஆராய்ச்சி பண்ண முடியுமா?"ன்னு நெட்ல வந்து புலம்ப ஆரம்பிச்சாங்க. அவ்வ்வ்வ்.

எல்லாரும் சிரிச்சாச்சு. ஆனா எனக்கு என்னமோ அந்தத் திருட்டுக் காப்பிதான் ரெண்டுல நல்ல கேம்னு தோணுது. ஒரிஜினல்ல சந்தை ரொம்ப நியாயமானது. நல்லா பண்ணினா விக்கும், மோசமா பண்ணினா விக்காது. நல்லா பண்ணியும் விக்காம போற கொடுமை திருட்டுக் காப்பிலதான் இருந்துச்சு. பிற்பாடு காசு குடுத்தவங்களும் அனுபவிக்கட்டும்னு "பைரேட் மோடு"ன்னு அதையே கேம்ல சேத்துட்டாங்க.

இப்ப எதிர்வாதத்துக்கு வருவோம். அந்த 3104 பேரும் கிராக் கிடைக்கலைன்னா வாங்கியிருப்பாங்களா? மாட்டாங்க, ஒத்துக்கறேன். 2013-ல திருத்தணி பையன் ஒருத்தன் டாலர் விலையில கேம் வாங்கறது நடக்கற காரியமா? காசு இருந்தாலும் வெளிநாட்டு சைட்ல தேய்க்கற மாதிரி கார்டு வீட்ல இருக்காது. சரி. ஆனா 2015 கடைசியிலேயே ஸ்டீம்ல ரூபாய் விலை வந்தாச்சு. மாசச் சம்பளம் வாங்கற சாப்ட்வேர் ஆசாமி இன்னமும் அந்தப் பழைய சாக்கையே சொன்னா எப்படி?

அடுத்த வாதம்: "வைஸ் சிட்டியைத் தெருத்தெருவா காப்பி போட்டு விளையாடினோம், ராக்ஸ்டார் மூடிட்டானா?" மூடலைதான். பெரியவன் தாங்குவான். கேம் டெவ் டைக்கூனே தாங்கிச்சு, அதே வருஷம் ஸ்டீமுக்கும் வந்துச்சு. ஆனா சின்னவன் தாங்க மாட்டான். இன்னும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதவன் "இங்க எவன் வாங்குவான்"னு யோசிச்சு ஆரம்பிக்காமலே போயிடுவான். அவன் பேரு எந்தக் கணக்குலயும் வராது.

வெளிநாட்டு கேம்களுக்கு வேலை செஞ்சு குடுக்கற ஆபீஸ் இந்தியாவுல நிறைய இருக்கு. ஆனா தமிழ்க் குடும்பத்தை நடுவுல வச்சு உலகமே பேசின ஒரு கேம் எங்கேர்ந்து வந்துச்சு? டொரண்டோலேர்ந்து. "வெண்பா", 2023 ஜூலை 31. விசை கேம்ஸ்னு சின்ன ஸ்டூடியோ. 80-கள்ல கனடாவுக்குப் போன வெண்பா, புருஷன் பாவலன், பையன் கவின். கிழிஞ்ச சமையல் குறிப்பைப் பாத்து இட்லி ஊத்தறதுல ஆரம்பிக்குது. இங்கிலீஷ்லயே பதில் சொல்லற பையனுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் கதை. 2024-ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். "இவ்ளோ சின்ன கேமுக்கு எதுக்கு காசு"ன்னு என்கிட்ட கேட்ட நண்பர், அதே வாரம் சினிமாவுக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு எவ்ளோ அழுதாருன்னு எனக்குத் தெரியும்.

எங்க ஊர் மலைக்கோயில்ல இலவச தரிசனம் உண்டு, யாரும் குறை சொல்றதில்லை. ஏன்னா அது கோயிலா குடுக்கறது. அதுக்காக மதில் ஏறிக் குதிச்சு உள்ள போயிட்டு "அங்கதான் இலவசமாச்சே"ன்னு சொல்ல முடியுமா? ஓசியில குடுக்கறது வேற, ஓசியில எடுக்கறது வேற.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை மக்களே. நாம யாரும் காசுக்கு எழுதலை. இருந்தாலும் நம்ம பதிவை எவனோ பேர் போடாம சுட்டுப் போட்டா ராத்திரி தூக்கம் வருதா? பத்து பைசா நஷ்டமில்லாத விஷயத்துக்கே அந்தக் கொதி கொதிக்கிறோம். வேலையை விட்டுட்டு ரெண்டு மூணு வருஷம் உக்காந்து கேம் எழுதினவனுக்கு எப்படி இருக்கும்?

எல்லா கேமையும் வாங்குங்கன்னு சொல்லலை. வருஷத்துக்கு ஒண்ணு, அதுவும் சின்ன ஸ்டூடியோ கேமா பாத்து வாங்குங்க. தமிழ்ல கேம் வரலையேன்னு புலம்பற உரிமை அதுக்கப்புறம் நமக்கு உண்டு.

டிஸ்கி: கேம் டெவ் டைக்கூனே கைரோசாஃப்ட் கம்பெனியோட கேம் டெவ் ஸ்டோரியைப் பாத்து அடிச்சதுதானேன்னு கேக்கப் போறீங்க. ஜப்பான்ல 1997-லயே வந்து, 2010-ல மொபைலுக்கு வந்த கேம் அது. ஐடியாவைப் பாத்து இன்னொண்ணு கட்டறதுக்கும், கட்டினதை அப்படியே அள்ளிட்டுப் போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அதைப் பத்தி சண்டை போட நான் ரெடி, தனிப் பதிவுல.