கெட்ட கர்மா

'கர்மா' என்று வானொலியில் சொன்னாலே போதும், சில நேயர்கள் ராசிபலன் கேட்க அழைத்துவிடுவார்கள். நான் சொல்லவருவது செம்பனையின் கர்மா.

நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதன் நகலாக ஆயிரக்கணக்கில் கன்றுகள் எடுக்கலாம். ஆனால் 1980களில் ஒரு வம்பு தெரியவந்தது. சில கன்றுகள் வளர்ந்து குலை தள்ளியபோது பழம் கோணலாக வந்தது, எண்ணெயும் சரியாக இல்லை. கன்றைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உரம் போட்டு, களை எடுத்து, சில வருடம் காத்திருந்த பிறகுதான் தெரியும். நாலு ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நட்டால் ஏறக்குறைய 25 ஆண்டு அந்த மரம்தானே!

2015இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் காரணத்தை எழுதினார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. பூவை உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள் 'கர்மா' என்ற துண்டு இருக்கிறது. அதன்மேல் மெத்தில் என்ற வேதி முத்திரை இருக்கும்வரை பேசாமல் கிடக்கும். திசு வளர்ப்பில் முத்திரை கழன்றுவிட்டால் பழம் கெடும். 'கெட்ட கர்மா' என்பது அவர்களே வைத்த பெயர்.

இப்போது கன்றின் இலையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் நடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மரபணு என்றதும் பதறும் சித்தப்பாக்கள் கவனிக்க: இதில் எதையும் வெட்டி ஒட்டவில்லை. படித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.