சிறுநீரகம் மாற்றிய பின் வரும் ஆண்டுகள்

இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. கத்தி பிடிக்கத் தேர்ந்த கைகள் அப்போதே இருந்தன. அறுவைக்குப் பிந்திய நாட்களைச் சமாளிக்க இருந்தவையோ அசாதியோப்ரினும் ஸ்டீராய்டும்தான். இரண்டும் உடம்பின் எதிர்ப்பாற்றலை மொத்தமாக அமுக்குபவை. புது உறுப்பைத் தாக்க வரும் வெள்ளணு எது, காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருக்கும் அணு எது என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது. காசநோய் மலிந்த நம் நாட்டில் அந்த அறியாமைக்கு விலை அதிகம்.

நார்வே மண்ணில் எடுத்த பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்துக்கு 1983-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு ஜப்பான் மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. முதல் ஆண்டிலேயே உறுப்பை இழப்பது வெகுவாகக் குறைந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்ல இழப்பது மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அந்நிய உறுப்பை உடம்பு மருந்தில்லாமலே பொறுத்துக்கொள்ளப் பழக்க முடியும் என்று பீட்டர் மெடவார் குழுவினர் எலிகளில் காட்டியது 1953-இல். எழுபது ஆண்டு கடந்தும் அந்தப் பொறுமையை மனிதரில் ஒரு சிலரிடம் மட்டுமே வரவழைக்க முடிந்திருக்கிறது.

இங்கேதான் கீமோகைன்களின் கதை வருகிறது. காயம்பட்ட திசு கீமோகைன் என்னும் சிறு புரதங்களைக் கசியவிடும். வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் அவற்றை உணர்ந்து, செறிவு கூடும் திசையில் அணுவை நகர்த்தும். எந்த ஏற்பியைத் தாங்கிய அணு எங்கே போகும் என்பது இப்படித்தான் முடிவாகிறது. படையையே முடக்காமல் அது வரும் வழியை மட்டும் மறித்தால் போதாதா என்ற ஆசை பிறந்தது.

முதலில் கிடைத்த விடைகள் மயக்கமூட்டின. சாதாரண எலியில் ஒரு வாரத்தில் அழியும் மாற்று இதயம், சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பி இல்லாத எலியில் சுமார் எட்டு வாரம் துடித்ததாக 2000-இல் வெய்ன் ஹான்காக் குழு எழுதியது. மறு ஆண்டு ஜெர்மனியிலிருந்து இன்னொரு செய்தி. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 1,227 பேரில், சிசிஆர்5 ஏற்பி பிறவியிலேயே இல்லாதவர்கள் 21 பேர். அவர்களில் உறுப்பை இழந்தவர் ஒருவரே. அந்தப் பிறவிக் குறை ஐரோப்பியரிடம் நூற்றுக்கு ஒருவர் அளவில் உண்டு. நம்மவரிடம் மிக அரிது.

பிறகு படம் கலங்கியது. சிஎக்ஸ்சிஆர்3 சோதனையைத் திரும்பச் செய்த வேறு ஆய்வகங்களுக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. 2005-இல் அதே ஹான்காக் குழு மறுபக்கத்தைக் காட்டியது: தாக்குதலை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களும் உறுப்புக்குள் போய்ச் சேர சிசிஆர்4 என்ற ஏற்பியை நம்பியிருக்கின்றன. அது இல்லாத எலிகளிடம் பொறுமையை வரவழைக்க முடியவில்லை. ஆடி அமாவாசையன்று சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறும் வழியில் தாணிப்பாறை கேட்டை அடைத்தால் தகராறு செய்யப் போகிறவனும் நிற்பான், தடுக்கப் போகும் போலீசும் நிற்கும். வழியை மறிக்கும் மருந்து இன்றுவரை உறுப்பு மாற்றில் வழக்கமான சிகிச்சையாகாததற்கு இந்தச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை. அழற்சி தொடங்கிய சிறுநீரகத்திலிருந்து சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைன்கள் சிறுநீரில் இறங்குகின்றன. பல சமயம், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும் முன்பே. ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்சிக்கு முன் ஓர் எச்சரிக்கை மணியாக அதைப் பயன்படுத்த முயல்கிறார்கள். அந்த மணியை வைத்துக் கண்காணிக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டில் தனிப்பலன் தெரியவில்லை என்று சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஒப்பீட்டாய்வு சொன்னதையும் மறைக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த மணி கூடுதல் வசதி. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரருக்கு அது வேறு கணக்கு.

மேற்கு மலைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் கிட்னி மாற்றிக்கொண்டவர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு கூலி போச்சு. இரண்டு முறை போய்வந்த பின், ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று மூன்றாவதைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. நிராகரிப்பு வலியில்லாமல் வளர்வது அந்த இடைவெளியில்தான்.

தமிழ்நாடு கொடுப்பதில் குறை வைக்கவில்லை. 2008-இல் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் தந்த பெற்றோர் காட்டிய வழியில் மூளைச்சாவு உறுப்புதானம் மக்கள் பேச்சாயிற்று. 2014-இல் அதற்கென ஆணையம் வந்தது. கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்தார்கள். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டு. எத்தனை அறுவை நடந்தது என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை உறுப்பு வேலை செய்கிறது என்பதை மாவட்டவாரியாக, அதே உரத்த குரலில் சொல்வதில்லை.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தாயிற்று. கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கக் கீமோகைன் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வத்திராயிருப்பு அரசு மருத்துவமனையில் மாதிரி எடுத்து விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்பி, முடிவு சரியில்லாதவரை மட்டும் போன் போட்டு அழைக்கும் ஏற்பாட்டை இப்போதே தொடங்கலாம். கீமோகைன் சோதனை தேறி வரும் நாளில், அதுவும் அதே வண்டியில் ஏறிக்கொள்ளும்.