கபசுரத்துக்கு ஒரு போலி உரை

சங்கப் பாடலில் வரும் வானவூர்தியை ஆளில்லா விமானம் என்று ஒருவர் மேடையில் முழங்கினால் நாம் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறோம். மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றுவது பிழை என்று வகுப்பறையிலும் சிற்றிதழிலும் ஓயாமல் சொல்லி வருகிறோம். ஆனால் சித்த மருத்துவச் செய்யுளில் ஒருவர் வைரஸைக் கண்டுபிடித்தால் மட்டும் கைகூப்பி நிற்கிறோம்.

கபசுரம் என்னும் சொல்லையே பாருங்கள். பன்றிக்காய்ச்சல் அச்சுறுத்தியபோது கபசுரம் என்றால் அதுதான் என்றார்கள். 2020-இல் கொரோனா வந்தது. அதே கபசுரம் ஒரே இரவில் கொரோனா ஆயிற்று. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள். சித்தர்கள் சொன்னது கபமும் சுரமும் கூடிய ஒரு நிலையை. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளுவென்சா வைரஸ் முதன்முதலில் பிரித்தறியப்பட்டதே 1933-இல், லண்டனில். அதை அறியாதிருந்தது சித்தர்களின் குறையன்று. அறிந்திருந்தார்கள் என்று பொய் சொல்வது நம் குறை.

சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு முதலாகப் பதினைந்து சரக்குகள் சேர்ந்தது அக்குடிநீர். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றால் மறுக்க மாட்டோம், நாமும் குடித்தவர்களே. வைரஸைக் கொல்லும் என்பது வேறு கூற்று. கண்ணாடிக் குப்பியில் கொன்றதாம். சோப்பு நீரும்தான் கொல்லும். குடித்தவர் குணமானாராம். சாதாரண ஃப்ளூ, பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்தில் தானே தணிவது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் டாமிஃப்ளூ குடித்ததற்குச் சமம் என்போரும் உளர். அப்பூவிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம் அம்மாத்திரைக்கு மூலப்பொருள் என்பது மெய். பல வேதிமாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது.

உடனே நம்மை ஆங்கில மருத்துவத்தின் அடிவருடிகள் என்பார்கள். டாமிஃப்ளூவின் கதையையும் சொல்லிவிடுவோம். அரசுகள் கோடிகோடியாய்க் கொட்டி வாங்கிக் குவித்த மாத்திரை அது. நிறுவனம் வெளியிடாது வைத்திருந்த சோதனை அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்று, கொக்ரேன் ஆய்வுக்குழு 2014-இல் சொன்னது: பெரியவர்களுக்கு நோய்க்குறிகள் தணியும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. இவ்வளவுதான். அந்தக் கறார் நமக்கு வேண்டும், பாரபட்சமின்றி.

சீனர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். 2009-இன் பன்றிக்காய்ச்சலில் 410 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பன்னிரண்டு மூலிகைகள் கொண்ட மரபுக் கஷாயத்தை டாமிஃப்ளூவோடு ஒப்பிட்டு, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாதவர்க்குக் காய்ச்சல் தணிய 26 மணி நேரம். டாமிஃப்ளூ கொண்டவர்க்கு 20. கஷாயம் குடித்தவர்க்கு 16. போலி மருந்தோடு ஒப்பிடவில்லை, நோயும் கடுமையானதன்று என்ற குறைகள் அதில் உண்டு. ஆயினும் மரபை மதித்தவர் அவரே. கஷாயம் தோற்றுப்போகவும் இடம் கொடுத்தார்கள் அல்லவா? கபசுரக் குடிநீரைப் போற்றுவோருள் எத்தனை பேர் அது தோற்கச் சம்மதிப்பர்?

ஃப்ளூவில் வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகம் பயன் தரும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்துமாக்காரர் ஆகியோர்க்கு அந்த இரண்டு நாள் சாதாரணமானதன்று. மூச்சு வாங்கும் ஒரு கர்ப்பிணியிடம் குவளையை நீட்டி, "வைரஸ் செத்துவிடும், ஆஸ்பத்திரி எதற்கு" என்பவர் எத்தனை செய்யுள் மனப்பாடமாகச் சொன்னாலும் அவரோடு நமக்கு உடன்பாடில்லை.