மைக் வேண்டாம், பாய் போதும்

சேம்பர் மியூசிக் எண்டால் கோட் போட்ட ஆக்களின்ர இசை எண்டுதான் நினைப்பம். ஆனால் அது வீட்டு அறையில் சேர்ந்து வாசிக்கிறதுக்காகவே வளர்ந்தது. 1810களில் வியன்னாவில் ஷூபர்ட்டின் வீட்டில் அப்பா செல்லோ, இரண்டு அண்ணன்மார் வயலின், அவர் வியோலா. டிக்கெட் இல்லை, மேடையும் இல்லை.

எங்கட கச்சேரியும் அடிப்படையில் அப்பிடித்தான்: ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம். யாழ்ப்பாணத்தில நாங்கள் அதை மண்டபத்துக்குள்ள கொண்டுபோய், பிரதம விருந்தினர், பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிஞ்சாப்பிறகுதான் கேக்க விடுறம். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைகளைத் தரம் தரமாகப் பாஸ் பண்ணின எத்தனை பேரின்ர வயலின் இப்ப அலுமாரிக்கு மேல கிடக்கு? சேர்ட்டிபிக்கட் மட்டும் சுவரில. அவைக்கு வாசிக்கத் தெரியும், வாசிக்க ஒரு இடம்தான் இல்லை.

ஒரு விறாந்தை, 15 பேர், பிளேன்ரீ போதும். பிழைச்சா நிப்பாட்டித் திரும்பத் தொடங்கலாம். 'இது என்ன ராகம்?' எண்டு நடுவில கேக்கலாம். சேர்ச்சில கீபோர்ட் வாசிக்கிற பிள்ளையும் வரட்டும்.

கஷ்டமான பகுதி வேற. கோயில் வீதியில தவிலுக்குத் தலையாட்டுற நாங்கள், அந்தத் தவில்காரரை எங்கட விறாந்தையில, எங்களோட அதே பாயில இருத்துவமா? அதே கோப்பையில தேத்தண்ணி குடுப்பமா?