சிப்பைப் பார்க்காதீங்க, கம்பைலரைக் கேளுங்க!

பழனிசெட்டிபட்டியில் ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது, அக்கா பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐஐடியின் 'சக்தி' புராசசருக்கு ஒரு சின்ன சி புரோகிராம் கம்பைல் பண்ணிப் பார்க்க அவருக்கு ஆசை. "இந்தப் பழைய டப்பாவிலா?" என்று கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மடிக்கணினியில் இருக்கும் சிப் வேறு. கம்பைலர் எந்த சிப்புக்காக மொழிபெயர்க்கும் என்பது வேறு. இன்டெல் சிப்பில் ஓடிக்கொண்டே சக்திக்கான கோடைத் தரலாம். கிராஸ் கம்பைலர் என்பது இதுதான்.

சரி, கையில் உள்ள கம்பைலருக்கு எதெல்லாம் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் பதிப்பு எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சக்தி, ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. ஜிசிசியில் அந்த வகை சேர்ந்தது 2017-ல் வந்த 7-ஆம் பதிப்பில். அதனால் 4.8 இருந்தால் ஆகாது, உண்மைதான். ஆனால் 7 இருந்தாலும் போதாதே! ஒரு ஜிசிசி பொதுவாக ஒரே ஒரு புராசசர் குடும்பத்துக்காகக் கட்டப்படுகிறது. எந்தக் குடும்பம் என்பதை அதன் 'டம்ப்மெஷின்' ஆப்ஷன் சொல்லிவிடும். எல்எல்விஎம் அப்படியில்லை. ஒரே கருவிக்குள் பல குடும்பங்கள் இருக்கும். 'எல்எல்சி'யிடம் வெர்ஷன் கேட்டால் முழுப் பட்டியலே வரும்.

பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆப்பிள் மேக்கில் நடந்த கூத்து இதற்குச் சாட்சி. ஸ்னோ லெப்பர்டுடன் வந்த பைத்தான், பவர்பிசிக்கும் சேர்த்துக் கட்டப்பட்டது. 2011-ல் வந்த எக்ஸ்கோட் 4-ல் பவர்பிசி ஆதரவு இல்லை. பைத்தானோ பழைய ஞாபகத்தில் கம்பைலரிடம் பவர்பிசி கேட்டது. சி மாட்யூல்களை நிறுவப் போனவர்களுக்குக் கிடைத்தது எர்ரர்தான். பின்னால் வந்த பைத்தான் திருந்திக்கொண்டது. ஒரு காலி ஃபைலை பவர்பிசிக்குக் கம்பைல் செய்து பார்க்கும். முடியாவிட்டால் அதை விட்டுவிடும். அவ்வளவுதான் வித்தை!

இன்னொரு எச்சரிக்கை. கம்பைல் ஆனது லிங்க் ஆகும் என்று உறுதியில்லை. 64 பிட் லினக்ஸில் 'எம்32' கொடுத்தால் காலி புரோகிராம் கம்பைல் ஆகிவிடும். 32 பிட் லைப்ரரிகள் இல்லையென்றால் லிங்க் செய்யும்போது கவிழ்ந்துவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சி லேப்களில் பகா எண்ணும் பிபனாச்சியும் வருடம் தவறாமல் நடக்கின்றன. அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? பழனிசெட்டிபட்டி மாணவருக்குப் புது மடிக்கணினி தேவையில்லை. ரிஸ்க்-ஃபைவுக்கான கிராஸ் கம்பைலர் ஒன்றும், கொஞ்சம் பொறுமையும் போதும். பழைய பெட்டி மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டுமே! 'உன்னால் முடியாது' என்று அதைக் கேட்காமலே முடிவு கட்டுவதுதான் தப்பு.