சினிமாவுக்குக் கிடைத்த தடையுத்தரவு பெண்களுக்கும் வேண்டும்

2018 நவம்பர் இறுதியில் ‘2.0’ திரைப்படம் வெளியாகும் தறுவாயில் அதன் தயாரிப்பு நிறுவனமான லைகா சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. திருட்டுப் பிரதி இணையத்தில் ஏறிவிடும் என்ற அச்சமே வழக்கின் அடிப்படை. அந்த அச்சம் நியாயமானது என்று ஏற்ற நீதிமன்றம், 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கும்படி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்ராக்கர்ஸ் கும்பல் பெயரின் வாலை மாற்றி மாற்றி நடத்திவந்த முகவரிகளும் அந்தப் பட்டியலில் பெருமளவில் இருந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், அதே நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு வந்தது. பழகியவர் அவருக்குத் தெரியாமல் பதிவுசெய்த அந்தரங்கக் காணொளி 70-க்கும் மேற்பட்ட தளங்களில் பரவியிருந்தது. அவற்றை 48 மணி நேரத்துக்குள் அகற்றித் தடுக்க வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஜூலை 9 அன்று உத்தரவிட்டார். அதன் பிறகும் 39 தளங்களில் காணொளி இருப்பதாக நீதிமன்றத்திடம் சொல்லப்பட்டது. சட்டம் தெரிந்தவருக்கே இந்தப் பாடு என்றால், திருநாவலூரிலிருந்து பேருந்தேறி உளுந்தூர்பேட்டை நீதிமன்றத்துக்கு வரும் பெண்ணுக்கு வழக்கறிஞர்களாகிய நாம் என்ன செய்து கொடுக்கப்போகிறோம்?

இவ்விரு உத்தரவுகளுக்கும் இடையில் உள்ள தூரம் சட்டத்தில் இல்லை. நாம் எழுதும் மனுக்களில்தான் இருக்கிறது என்பதே இந்த உரையின் வாதம். திரைத்துறையின் வழக்கறிஞர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு பரிகாரத்தைப் படிப்படியாக வளர்த்தெடுத்தார்கள். பெயர் தெரியாத எதிரிகள் மீது உத்தரவு கேட்டார்கள், இன்னும் பிறக்காத முகவரிகளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள், இணையச் சேவை நிறுவனங்களை முதல் நாளே கட்சிக்காரர்களாகச் சேர்த்தார்கள். அந்தரங்கப் படம் திருடப்பட்டவருக்கோ நாம் வழக்கமாகச் செய்வது காவல் நிலையப் புகார், அதற்கு ரசீது, பிறகு குற்றப்பத்திரிகைக்கான காத்திருப்பு. அகற்றுதல் என்பது குற்ற வழக்கின் வால் போலப் பின்னால் இழுபடுகிறது. அது தனிப் பரிகாரம். முதல் மணி நேரத்திலேயே தொடங்க வேண்டியது. முகவரியைத் துரத்தாமல் படத்தையே துரத்த வேண்டியது.

ஏன் படத்தையே என்று சொல்கிறோம் என்பதற்கு, திருட்டுப் பகிர்வுத் தளங்கள் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் படக் கோப்பு அந்தத் தளத்தில் இருப்பதில்லை. அங்கே இருப்பது ஒரு தலைப்பு, நாலைந்து சிறு படங்கள், அவற்றுக்குக் கீழே வேறு கோப்புச் சேமிப்பு நிறுவனங்களுக்குப் போகும் இரண்டு மூன்று லிங்க்குகள். ஒரு லிங்க் செத்ததும் அடுத்த பதிவிலேயே யாரோ கேட்கிறார், வேறொருவர் புதிதாக ஏற்றித் தருகிறார். தலைப்பில் பெண்ணின் பெயரும் ஊரும் சேர்ந்துவிட்டால் கூகுளில் பெயரைத் தட்டினாலே அந்தப் பக்கம் முதலில் வருகிறது. ஆக ஒரே படத்துக்குத் தேடுபொறி, தளத்தின் பக்கம், கோப்பு இருக்கும் சர்வர், அந்தத் தளத்தின் இருப்பிடத்தை மறைத்து வேகமாகக் கொண்டுவந்து தரும் இடைநிலை நிறுவனம், டொமைன் பெயரை விற்றவர் என ஐந்து கதவுகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோரும் எவரும், சட்டவிரோதம் தெரியவந்த பின்னும் சும்மா இருந்தால் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார். நாம் அனுப்பும் நோட்டீஸோ பெரும்பாலும் இரண்டாவது கதவை மட்டும், அதுவும் பதில் சொல்ல ஆளே இல்லாத முகவரியில், தட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

2021-ஆம் ஆண்டின் இடைநிலையர் விதிகளில் 3(2)(ஆ) விதி நல்ல விதி. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறு எவருமோ புகார் கொடுக்கலாம். அந்தரங்க உறுப்பு, நிர்வாணம், பாலியல் செயல், உருமாற்றிய போலிப் படம் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்றது. 2026 பிப்ரவரித் திருத்தம் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறது. குறைதீர் அலுவலரை நியமித்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம் இது பலிக்கிறது. இந்தியாவில் அலுவலகமோ ஆளோ இல்லாத திருட்டுத் தளத்திடம் கெடு 24 மணியானாலும் 2 மணியானாலும் ஒன்றுதான். அத்தகைய தளத்தை முடக்கும் அரசு அதிகாரம் 69ஏ பிரிவில் இருக்கிறது என்றாலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற அதன் காரணங்களில் தனிமனிதரின் அந்தரங்கம் இல்லை. எனவே நீதிமன்ற உத்தரவு தேவைப்படுகிறது. அப்படி ஓர் உத்தரவு வந்தால் அதை நிறைவேற்றும் வழியை 2009-ஆம் ஆண்டின் முடக்க விதிகளில் 10-ஆம் விதி சொல்லியிருக்கிறது.

நீதிமன்றம் என்றதும் நம்மில் பலர் சென்னையை நினைக்கிறோம். ரிட் மனு பலமான வழிதான். மின்தாக்கல் வந்த பிறகு தொலைவும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 10-ஆம் விதி சொல்வது தகுந்த அதிகார வரம்புள்ள நீதிமன்றம் என்றே. உயர் நீதிமன்றம் என்று மட்டும் அல்ல. ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது குறித்த ராஜகோபால் வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமைக்கு இரண்டு முகங்களைக் காட்டியது: ஒன்று அரசமைப்பு சார்ந்தது, மற்றொன்று உரிமையியல் தீங்கு. தமிழ்நாட்டிலிருந்து போன அந்த வழக்கின் இரண்டாவது முகத்தை நம் மாவட்ட நீதிமன்றங்களில் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. தீங்கு நேர்ந்த இடத்தில் வழக்கிடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஊரார் பார்த்த ஊரே தீங்கு நேர்ந்த இடம் என்று வாதிட நமக்குத் தயக்கம் தேவையில்லை. அரசுத் துறையைச் சேர்க்கும்போது 80-ஆம் பிரிவின் இரண்டு மாத நோட்டீஸுக்கு விலக்குக் கேட்கும் மனுவையும் கூடவே வைக்க வேண்டும். வெள்ளிமலைக்கு மேலே கல்வராயன் ஊர்களில் இருக்கும் பெண்ணுக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதே ஒரு நாள் வேலை. அவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி, வருமானத்தைப் பார்க்காமலே, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை. இதை அவரிடம் சொல்வது நம் கடமை.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் சினிமா வழக்குகள் பாடமாகின்றன. 2019 ஏப்ரல் 10 அன்று யுடிவி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால் புது வழக்கு வேண்டாம், பிரமாணப் பத்திரத்துடன் இணைப் பதிவாளரிடம் கொடுத்தால் அதே உத்தரவு அந்த முகவரிக்கும் நீளும் என்று வழி செய்தது. டைனமிக் தடையுத்தரவு என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதே தில்லி நீதிமன்றம் 2021 ஏப்ரலில், சமூக வலைத்தளத்திலிருந்து திருடி ஆபாசத் தளத்தில் போடப்பட்ட ஒரு பெண்ணின் படங்களுக்காக, தேடுபொறி முடிவுகளிலிருந்து உலக அளவில் நீக்கவும் அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கவும் உத்தரவிட்டது. 2023 ஏப்ரலில் நீதிபதி சுப்பிரமணியம் பிரசாத், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் புதுப்புது யூஆர்எல் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தேடுபொறிகள் வற்புறுத்துவது தகாது என்றார். ஹேஷ் எனப்படும் எண்மக் கைரேகையைக் கொண்டு மறுபதிவைத் தடுக்க முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. பெண் வழக்கறிஞரின் சென்னை வழக்கின் தொடர்ச்சியாக அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட செயல்முறையும் இதே திசையில், ஒருங்கிணைந்த சேவை மையம் தொடங்கி ஹேஷ் வங்கி, தேடுபொறி, இணையச் சேவை நிறுவனங்கள் வரை ஒரு சங்கிலியைப் போட்டிருக்கிறது. ஆகவே நம் மனுவின் வேண்டுகோள் இப்படி அமையட்டும்: அட்டவணையில் கண்ட முகவரிகள் மட்டுமின்றி, அதே படமோ அதன் வெட்டிய, சுருக்கிய வடிவமோ எங்கே தோன்றினாலும் தடை, புது முகவரிகளைப் பிரமாணப் பத்திரத்தின் மூலம் சேர்க்க அனுமதி, மனுதாரர் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து. கடைசியானது சிறு விஷயமல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு பெயரை மறைப்பது 64 முதல் 71 வரையிலான குற்றங்களுக்குத்தான். மறைந்திருந்து படமெடுப்பது, பரப்புவது பற்றிய 77-ஆம் பிரிவு அதில் அடங்காது. சென்னை வழக்கில் முதல் தகவல் அறிக்கையிலேயே பெண்ணின் பெயர் இருந்தது, நீதிபதி தலையிட்ட பிறகுதான் அது நீங்கியது. ஏழு ஆண் காவலர்களுக்கு முன்னால் அந்தக் காணொளியை அடையாளம் காட்ட வைத்ததையும் நீதிமன்றம் கண்டித்தது.

காப்புரிமை வழியும் உண்டு. பெண் தானே எடுத்த செல்ஃபி என்றால், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் படம் எடுத்தவரே. அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சும் கோப்புச் சேமிப்பு நிறுவனங்கள் அந்தரங்கம் என்றால் யோசிக்கும், காப்புரிமை என்றால் உடனே எடுத்துவிடும். நம் நாட்டு 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆம் விதி 36 மணி நேரக் கெடு வைக்கிறது; 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் படம் திரும்பி வரலாம். ஒரு பெண்ணின் மானத்தைச் சொத்துத் தகராறாகச் சுருக்குவது இழிவு என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏமாற்றிப் படமெடுக்கப்பட்ட 22 பெண்களுக்கு 2020 ஜனவரியில் நீதிமன்றம் இழப்பீட்டோடு அந்தக் காணொளிகளின் உரிமையையும் கொடுத்தது, அவற்றை இணையத்திலிருந்து இறக்கும் ஆயுதமாகவே. தயக்கம் வேறோர் இடத்தில் வேண்டும்: காப்புரிமை நோட்டீஸ் படத்தை ஏற்றியவனிடமே போய்ச் சேரக்கூடும், பொதுக் களஞ்சியங்களிலும் பதிவாகக்கூடும். எனவே பெண்ணின் பெயரும் விலாசமும் அதில் போகாமல் வழக்கறிஞரே முகவராகக் கையெழுத்திடுவது நல்லது. பிறர் எடுத்த படமானால் இந்த வழியை விட்டுவிடலாம்.

இவ்வளவு பரந்த தடை கருத்துரிமையைக் காயப்படுத்தாதா என்ற கேள்வி வலுவானது. அதற்குச் சான்றும் சென்னையிலேயே இருக்கிறது. 2012-இல் ‘3’ படத்துக்காகப் பெற்ற உத்தரவைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ உள்ளிட்ட முழுத் தளங்களையே மூடிவிட்டன. திருட்டுப் பிரதிக்கு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் படைப்புகள் எல்லாம் மறைந்தன. பிறகு அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்கலாம் என்று உத்தரவைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் தவறு முகவரியைக் குறிவைத்ததால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திரைப்படத்துக்குச் சட்டபூர்வமான பிரதிகள் இருக்கின்றன, விமர்சனத்துக்கு எடுத்த காட்சிகள் இருக்கின்றன. எது திருட்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சம்மதமின்றிப் பரப்பிய அந்தரங்கப் படத்துக்குச் சட்டபூர்வமான பொதுப் பிரதி என்று ஒன்று கிடையாது. அதன் கைரேகையைக் கொண்டு அதை மட்டும் தடுத்தால் பக்கத்தில் இருக்கும் எதுவும் அடிபடாது. முழுத் தளத்தையும் முடக்கச் சொல்லும் வேண்டுகோளைக் கடைசிப் படியாக, பலமுறை உத்தரவை மீறிய தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நியாயம்.

எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும், எதற்கு இந்த வீண் வேலை என்பது இன்னொரு பேச்சு. நம் சக வழக்கறிஞர்களே கட்சிக்காரரிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவிடுவது வேதனையாக இருக்கிறது. ஒரு பிரதியும் மிஞ்சாமல் அழிப்பது இயலாது என்பது உண்மைதான். ஆனால் பெண் கேட்பது அதையல்ல. மாமனார் வீட்டில் யாராவது பெயரைத் தட்டினால் அது வரக்கூடாது, வேலைக்கு எடுப்பவர் கண்ணில் படக்கூடாது என்று கேட்கிறார். தேடுபொறியிலிருந்து நீங்கினால் அதன் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. பணிய மாட்டோம் என்ற தளங்களும் எங்கே பணியும் என்பதற்கு 2020 டிசம்பர் சாட்சி: விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிவர்த்தனையை நிறுத்தியதும் பார்ன்ஹப் நிறுவனம் சரிபார்க்கப்படாத லட்சக்கணக்கான காணொளிகளைச் சில நாள்களில் எடுத்துவிட்டது. சந்தா வாங்கும் திருட்டுத் தளத்துக்கு எதிரான நோட்டீஸில் பணம் பெற்றுத் தரும் நிறுவனத்தையும் சேர்ப்பது இதனால்தான்.

விசாரணை அதிகாரிகள் சொல்லும் ஆட்சேபம் மீதமிருக்கிறது: படத்தை எடுத்துவிட்டால் சாட்சியம் போய்விடும். போகாது. அகற்றிய உள்ளடக்கத்தையும் அதன் பதிவுகளையும் 180 நாள் பாதுகாத்துவைக்க வேண்டும் என்று 2021 விதிகளின் 3(1)(எ) விதி இடைநிலையர்களுக்குக் கட்டளையிடுகிறது. நோட்டீஸிலேயே அதைச் சுட்டிக்காட்டிவிடலாம். பதில் சொல்லாத தளத்துக்கு நம் கையில் இருப்பது ஸ்க்ரீன்ஷாட். முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி எடுத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு சேர்த்தால் போதும். அந்தச் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுதும் இடம் இருக்கிறது. ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: சான்றிதழுக்கான ஹேஷ், கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும்; மறுபதிவைத் தடுக்கும் தளங்கள் பயன்படுத்துவது, படத்தைச் சற்றே சுருக்கினாலும் அடையாளம் காணும் வேறு வகை. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை இந்த இரண்டாம் வகைக் கைரேகையைப் பெண்ணின் கைப்பேசியிலேயே உருவாக்குகிறது. படம் அவர் கையை விட்டுப் போகாது, கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை உண்டு. இதில் வரிசை முக்கியம். புகார் கொடுத்த அன்றே காவல் துறை கைப்பேசியை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால், கைரேகை எடுக்க வேண்டிய மூலப் படமும், தளங்களில் புகாரை உறுதிசெய்ய வரும் ஓடிபியும் சேர்ந்தே போய்விடுகின்றன. பல வாரம் பெண்ணால் எதுவும் செய்ய முடிவதில்லை. காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போகும் முன் நம் அலுவலகத்தில் அவரே கைரேகைப் பதிவையும் கூகுளின் நீக்கல் படிவத்தையும் முடிக்கட்டும். சிம் கார்டைக் கழற்றித் தரக் கோரும் மனுவும், கைப்பேசியைப் படியெடுத்துவிட்டுத் திருப்பித் தரக் கோரும் மனுவும் அன்றைக்கே தயாராக இருக்கட்டும்.